ஆற்றுப் பக்கத்துப் பலகைகள்

றஸீனா ராத்தாவின் மேல்மாடிப் பலகை வேலையைச் செய்தவன் நான்தான். சரீப் ஓடாவி, இந்த ஊர்த் தச்சன். அந்த வேலையில் யாராவது ஒரு குறை கண்டுபிடிக்கட்டும், உளியைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிட்டுப் போகிறேன். கண்டுபிடிக்க மாட்டார்கள். குறை பலகையில் இல்லை, என்னில் இருக்கிறது. அதை ஊர் சொல்ல முன்னம் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊர் சொன்னால் என்னை நல்லவனாக்கிச் சொல்லிவிடும்.

ஏறாவூரில் வாவிக் கரையோடு இருக்கிற வீடு அது. வாவி என்பதெல்லாம் எழுத்தில்தான், நாங்கள் ஆறு என்போம். எழுபத்தெட்டுச் சூறாவளியில் அந்த வீட்டின் மேல்மாடிச் சுவர் நாலும் விழுந்துவிட்டன. றஸீனா ராத்தாவின் வாப்பா கெட்டிக்கார மனிசன். காற்றில் சாய்ந்து கிடந்த முதிரை மரங்களை அறுப்பித்து, கல்லுக்குப் பதிலாக நாலு பக்கமும் பலகை அடித்தார். மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அவர் மவுத்தான பிறகு அந்தப் பலகையை ஒருவரும் கவனிக்கவில்லை. சும்மா விட்டிருந்தாலும் பரவாயில்லை, பெருநாளுக்குப் பெருநாள் மலிவுப் பெயின்ட்டை அப்பினார்கள். பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் சுண்ணாம்பு. அது உரிந்த இடமெல்லாம் வெயிலும் உப்புக் காற்றும் பிடித்துப் பலகை சாம்பலாகிவிட்டது. ஆணி துருவேறிக் கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. ஊரில் அதற்கு ‘உரிஞ்ச ஊடு’ என்று பெயர். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்தில் அதே பட்டம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். நான்கூட என் வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பொண்டாட்டியோடு பின்பக்கத்துச் சமையல் குசினியில் படுக்கிறவன். பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பார்கள், பெண்ணைப் பிறகுதான் பார்ப்பார்கள். வீடு சரியில்லையென்றால் பெண்ணைப் பார்க்காமலே எழும்பிப் போவதும் உண்டு.

றஸீனா ராத்தாவின் மூத்தவள் சஹ்லாவுக்கு அதுதான் நடந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயதில் காத்தான்குடியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. மாப்பிள்ளையின் காக்கா, அவனுடைய அண்ணன்தான், மேலே ஏறிப் பலகையில் விரலை வைத்து அமத்தினான். விரல் உள்ளே போய்விட்டது. வைத்த வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டு, “கறையான் திண்ட ஊட்டுக்கு எங்கட பொடியன் வரமாட்டான்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். நாசமாய்ப் போவார்கள், தின்னாமலாவது போயிருக்கலாம். அடுத்த வருடம் சஹ்லா கட்டாருக்குப் போய்விட்டாள். பதின்மூன்று வருடம் அரபிமார் வீட்டுக் குசினியில் நின்றாள். தன் வாப்பாவின் நோய்க்கு மருந்துக்காசு அனுப்பியது, அவர் மவுத்தானதும் அடக்கக் காசு அனுப்பியது, தங்கச்சி இர்ஷானாவைப் படிப்பித்தது எல்லாம் அவள்தான்.

போன வருடம் றஸீனா ராத்தா அவளுக்குச் சொன்னாவாம், “பலகையச் சரிபண்ணிப் போடு மகள். ஊடு உனக்குத்தான்.” அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு அவள் எனக்குப் போனில் குரல் பதிந்து அனுப்பினாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும் சரீப் மாமா. நான் றஸீனாட மூத்தவள் சஹ்லா. எங்கட ஊட்டுப் பலகையக் கழட்டி வீசாம, அதையே நல்லாக்கித் தர ஏலுமா? எல்லாரும் தகரம் அடி, பிளாஸ்ரிக் அடி எண்டுதான் சொல்றாங்க. எனக்கு அந்தப் பலகதான் வேணும். அந்தப் பலகையச் சொல்லித்தானே என்னைய வேணா எண்டாங்க.”

“ஏலும் மகள். ஆனா என்னைய அவசரப்படுத்த ஏலா” என்று அனுப்பினேன்.

“ஊட்டு உறுதிய உன்ட பேருக்கு எழுதிக் கையில எடு, மறுகா வேலையத் துவங்குவம்” என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பெற்ற தாயிடம் போய் உறுதி கேட்கிற பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. கேட்டால், உம்மாவை நம்பாதவள் என்று அதற்கொரு பட்டம் வைப்பார்கள். வீடு மூத்தவளுக்கு என்பது ஊர் வழக்கம், உம்மாவின் வாயாலும் வந்துவிட்டது, இதற்கு மேல் என்ன எழுத்து என்று அவள் நினைத்துவிட்டாள்.

ஜூலையில் வீதிப் பக்கச் சுவரில் கைவைத்தேன். கமுக மரத்தில் சாரம் கட்டி ஏறினேன். நெருப்பு ஊதிப் பெயின்ட் எடுக்கிற மடையன்கள் இருக்கிறார்கள், பலகை கருகிவிடும். கம்பிப் பிறஸ் போட்டுத் தேய்க்கிற மடையன்கள் இன்னொரு ரகம். அறுந்த கம்பி மரத்துக்குள் கிடந்து துருவேறி அடுத்த மழைக்குப் புள்ளி புள்ளியாய்க் கறுக்கும். நான் சுரண்டியால்தான் எடுப்பேன். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, பத்து நாள் காயவிட்டு, சாண்ட்பேப்பர் பிடித்து, லின்சீட் எண்ணெய் மூன்று தரம் வைப்பேன். உக்கின பலகையைக் கழற்றிவிட்டு, செங்கலடி மில்லில் பழைய முதிரை தேடி அறுத்துப் போடுவேன். சுரண்டின பலகையை மட்டும் எண்ணெய் காட்டாமல் மழைக்கு விடக்கூடாது. விட்டால் ஒரு மாரியில் பிளந்துவிடும்.

ஒவ்வொரு நாளும் அசர் தொழுகைக்குப் பிறகு படம் எடுத்துச் சஹ்லாவுக்கு அனுப்புவேன். அங்கே அவளுடைய வேலை முடிய இரவு பதினொரு மணியாகும். அதற்குப் பிறகு பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பாள். என்ன கேள்வி! “மூணாவது பலகையில மரக்கண்ணுக்குப் பக்கத்துல வெடிப்பு ஒண்டு தெரியுது, அது ஓடுமா மாமா?” என்பாள். நானே அதைக் கவனித்திருக்க மாட்டேன். ஏறிப் பார்த்தால் இருக்கும். முப்பது வருடம் இந்தத் தொழில் செய்கிறேன், எந்த வீட்டுக்காரனும் என் வேலையை அப்படிப் பார்த்ததில்லை. மரம் வெளுத்து உள்ளிருந்து மஞ்சள் எழும்பி வந்தபோது அவள் அனுப்பிய குரலில் பேச்சே இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் இருந்தது. எனக்கும் ஒருமாதிரித்தான் இருந்தது.

ஆற்றுப் பக்கத்து அறை தன்னுடையது என்று அவள் முதலே சொல்லிவிட்டாள். “கடைசியா அந்தப் பக்கம் செய்ங்க மாமா. அத நல்லாச் செய்யணும். நான் வந்து அந்த ஜன்னலத் திறந்து வெச்சிட்டு மூணு நாளைக்குப் படுத்துக் கிடப்பன். ஒருத்தரும் என்னைய எழுப்பக் கூடாது.”

ஓகஸ்ட் கடைசியில் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஓட்டமாவடி ஆள், பெயர் மர்சூக். வயது முப்பத்தெட்டு, முதல் பொண்டாட்டி மவுத்து, பிள்ளை இல்லை. ஏறாவூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருந்தான். படம் மாற்றிக்கொண்டார்கள். சஹ்லாவுக்குப் பிடித்துவிட்டது. ஒக்டோபர் கடைசியில் ஒரேயடியாய் வருவதற்கு ரிக்கெட் போட்டுவிட்டாள். இனி வீட்டை மாப்பிள்ளை பக்கம் வந்து பார்க்க வேண்டியதுதான்.

செப்டெம்பரில் ஒரு வியாழக்கிழமை மர்சூக்கின் உம்மாவும் அவனுக்கு மூத்த ராத்தா ஒருத்தியும் வந்தார்கள். அப்போது மூன்று பக்கம் முடிந்திருந்தது. ஆற்றுப் பக்கம் மட்டும் பழையபடி பெயின்ட்டோடு நின்றது, நான் அதில் கைவைக்கவில்லை. இதை நன்றாய் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பக்கச் சுவரில் கடைசி எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். பலகைச் சுவர்தானே, உள்ளே இருமினாலும் வெளியே கேட்கும்.

மர்சூக்கின் உம்மா மோதிரத்தால் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தா. “நல்ல முதிர” என்றா. “இப்ப இப்பிடி மரம் காசி குடுத்தாலும் கிடைக்கா. ஊடு எங்களுக்கு நல்லாப் புடிச்சிருக்கு.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பொய் ஏன் சொல்ல வேண்டும், என் வேலையைத்தானே சொல்லுகிறா.

அந்த நேரம் பார்த்து இர்ஷானா தேத்தண்ணி கொண்டு போனாள். இருபத்தாறு வயது, நல்ல வடிவு. பொம்பிளைகள் இரண்டு பேரும் ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு அந்த உம்மா, சந்தையில் மீன் மாற்றிக் கேட்கிற மாதிரிச் சொன்னா, “றஸீனா, ஒளிச்சிப் பேசத் தேவல்ல. ஊடு இதுதான். புள்ளைய மட்டும் மாத்திக்குவம். இவளத் தாங்க.”

நான் பிறஸைப் பிடித்தபடி நின்றேன். ராத்தா இப்போது எழும்பி ஏசுவா, தேத்தண்ணியைப் பறித்து வெளியே ஊற்றுவா என்று காத்திருந்தேன்.

“மூத்தவள் இரிக்கக்குள்ள எப்பிடி...” என்று மட்டும் இழுத்தா றஸீனா ராத்தா.

“மூத்தவளுக்கு முப்பத்தாறு. இனிப் புள்ள பெத்து எந்தக் காலம்? அதோட பதின்மூணு வருசம் வெளிநாட்டுல அந்நிய ஊடு வழிய நிண்ட புள்ள. ஊர் என்ன கதைக்கும் எண்டு நாங்களா சொல்லித் தரணும்?”

படைத்தவனே, அந்தப் பேச்சுக்கு ஒரு தாய் என்ன சொல்ல வேண்டும்? அந்த அந்நிய வீட்டுக் குசினிச் சம்பளத்தில்தான் நீ சாய்ந்திருக்கிற பலகை மினுங்குகிறது என்று சொல்ல வேண்டாமா? றஸீனா ராத்தா சின்னவளைக் கூப்பிட்டா. “இர்ஷானா, மாமிக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்துகா” என்றா. மாமியார் முறை வைத்து மாமி என்று சொல்லிவிட்டா. கதை அதோடு முடிந்தது.

அவர்கள் போன பிறகு ராத்தா சாரத்துக்குக் கீழே வந்து நின்றா.

“தம்பி, நீ கேட்டிருப்பாய்.”

“கேட்டன்.”

“எனக்கு வேற வழி இல்ல. சின்னவளுக்கும் வயசு போகுது. ரெண்டாவது ஊடு கட்ட நான் எங்க போற? ஒருத்தியாவது கரையேறட்டும். மூத்தவள் பழகினவள், தாங்குவாள்.”

“அவளுக்குச் சொல்லுங்க ராத்தா. இப்பவே சொல்லுங்க.”

“சொன்னா விட்டுட்டு இருப்பாளா? வேலைய நிப்பாட்டிப் போடுவாள். ஆத்துப் பக்கம் அப்பிடியே கிடக்கும். கலியாண ஊடு முக்கால்வாசி மினுங்கிக் கால்வாசி உரிஞ்சு நிண்டா ஊர் சிரிக்காதா? நீ வழம போல படம் அனுப்பு. நாங்க ஒண்டும் பொய் சொல்லல்லையே. படம்தானே அனுப்புற.”

சீ, உங்களுக்கு நெஞ்சில் ஈரமில்லையா என்று கேட்க வாய் வந்தது. அதை விழுங்கினேன். ஏன் விழுங்கினேன் என்பதையும் சொல்கிறேன். அந்த ஆற்றுப் பக்கச் சுவர்தான் வீட்டிலேயே பெரியது. தோணியில் போகிறவன், தூண்டில் போடுகிறவன், அக்கரையில் மாடு மேய்க்கிறவன் எல்லாருடைய கண்ணும் அதில்தான் விழும். மூன்று மாதமாய் அதைச் செய்கிற நாளுக்காகவே மற்றப் பக்கங்களைச் செய்துகொண்டிருந்தேன். அவளிடம் சொன்னால் வேலை நிற்கும். வேலை நின்றால் அந்தச் சுவர் எனக்கில்லை. அவ்வளவுதான், இதில் தோண்டிப் பார்க்க வேறு பூராயம் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் எங்கள் ஊரில் எந்த ஓடாவியும் உளி தொடமாட்டான். நான் சுபஹு தொழுதுவிட்டு ஏறினேன். மேலிருந்து கீழ்வரை, இடமிருந்து வலம், வெறி பிடித்தவன் போலச் சுரண்டினேன். பள்ளிவாசலில் குத்பா உரை தொடங்கியது, ஒலிபெருக்கியில் முழுவதும் கேட்டது, இறங்கவில்லை. ஜும்ஆத் தொழுகையும் போய்விட்டது. பொழுது சாயும்போது ஆற்றுப் பக்கம் முழுதும் பெயின்ட் போய், எண்ணெய் காணாத பச்சைப் பலகையாய்க் கிடந்தது. இனி யார் வந்து கேட்டாலும், எனக்கு நானே சொல்வதற்கும், ஒரு பதில் இருந்தது. சுரண்டின சுவரை மாரிக்கு விட ஏலாது, முடித்துத்தான் ஆகவேண்டும்.

பகலில் ஒன்று, பொழுது பட்டு ஒன்று என்று படம் அனுப்பினேன். இரவே குரல் வந்தது, சிரிப்போடு. “வெள்ளிக்கிழமையும் வேலையா மாமா? என்ட கலியாணத்துக்கு உங்களுக்குத்தான் பெரிய அவசரம் போல! அவங்க நேத்து வந்தாங்களாமே, என்ன சொன்னாங்க? உம்மாட்டக் கேட்டா மழுப்புறாங்க.”

“ஊடு அவங்களுக்கு நல்லாப் புடிச்சிருக்காம் மகள்” என்று அனுப்பினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, அதுதான் என் கெட்டித்தனம்.

அல்ஹம்துலில்லாஹ் என்று மூன்று தரம் அனுப்பினாள். அடுத்த நாள், எஜமானியிடம் கதைத்துவிட்டதாகவும் பெட்டி கட்டத் தொடங்கியதாகவும் சொன்னாள்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல், ஐந்து கிழமை. நான் கழுவினேன், காயவிட்டேன், தேய்த்தேன். அவள் தன் அறை ஜன்னல் சட்டத்துக்கு எந்தக் கொளுக்கி நல்லது என்று கேட்டாள், நான் சொன்னேன். உள்பக்கம் வெள்ளை அடிப்பதா, மரத்தை அப்படியே விடுவதா என்று கேட்டாள், மரமாக விடு என்று சொன்னேன். ஒருநாள் மட்டும் குரல் கொஞ்சம் வேறாய் இருந்தது. “மாமா, ஊட்டுல எல்லாம் சரிதானே? தங்கச்சி என்ட போனையே எடுக்கிறாள் இல்ல.” நான் அதை இரண்டு தரம் கேட்டேன். என் பொண்டாட்டி பக்கத்தில் இருந்தாள். “சொல்லித் தொலைங்களன். அந்தப் புள்ளைட வயித்தெரிச்சல் எங்கட மக்களில வந்து விழும்” என்றாள். உன் வேலையைப் பார் என்று அவளை ஏசிவிட்டு, “எல்லாம் சரி மகள், மழைக்கு முதல் முடிச்சிருவன்” என்று பதில் அனுப்பினேன்.

இர்ஷானா கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். பலகைக்குப் பின்னால் அவள் அழுதது எனக்குக் கேட்டது. “ராத்தா கேட்டா நான் என்ன சொல்லுற உம்மா?” என்பாள். “ஒண்டும் சொல்லாத. வந்தாத் தானாத் தெரியும்” என்பா தாய். அழுதாளே தவிர வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவளும் உரிஞ்ச வீட்டுப் பிள்ளை என்று பெயர் கேட்டவள்தானே, மாப்பிள்ளை தானாய் வரும்போது யார் விடுவார்கள்?

ஒக்டோபர் நடுவில் வீடு இர்ஷானாவின் பெயருக்கு எழுதப்பட்டது. மூன்றாம் நாள் நிக்காஹ். நாற்பது பேர், படம் எடுக்கக் கூடாது என்று கட்டளை. நானும் போய்க் குந்தியிருந்து புரியாணி தின்றேன். வந்தவர்கள் எல்லாரும் ஆற்றுப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து என் தோளில் தட்டினார்கள். இரண்டாம் தரமும் சோறு வாங்கினேன்.

பத்து நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, சஹ்லாவின் வான் வந்தது. நான் சாரத்துக்கு மேலே ஜன்னல் கொளுக்கி பூட்டிக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன அதே கொளுக்கி. வீட்டு மூலையால் எட்டிப் பார்த்தேன். அவள் வாசலுக்கு நேரே போகவில்லை. பெட்டியைப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி வந்தாள். ஆற்றுப் பக்கம் வந்து, நிமிர்ந்து பார்த்து, கீழ்ப் பலகையில் கன்னத்தை வைத்தாள். பிறகு என்னைக் கண்டாள்.

“மாமா! படத்துல இதுல கால்வாசியும் தெரியல்ல!” என்று கத்தினாள். முகமெல்லாம் பல். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். இறங்கவில்லை.

உள்ளே போனாள். கீழே மண்டபத்தில் மர்சூக் சாரன் உடுத்தபடி கதிரையில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு அவனைப் படத்தில் தெரியும். என்ன நினைத்திருப்பாள்? வீட்டுக்கு முதலே வந்து காத்துக்கொண்டிருக்கிறாரே என்று வெட்கப்பட்டிருப்பாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடியிருப்பாள். பிறகு இர்ஷானா குசினியிலிருந்து மருதாணிக் கையோடு வந்திருப்பாள். எனக்குக் கேட்டதெல்லாம் றஸீனா ராத்தாவின் குரல் ஒன்றுதான். “வா மகள். மச்சானுக்குச் சலாம் சொல்லு.”

தங்கச்சி புருசனைத்தான் மச்சான் என்போம். கத்துவாள், பெட்டியைத் தூக்கி எறிவாள் என்று கொளுக்கியைப் பிடித்தபடி நின்றேன்.  பிறகு, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று அவள் சொன்னது கேட்டது. அவ்வளவுதான். நான் பின்பக்கத்தால் இறங்கி, உளி சுத்தியல் கிடந்த ஆயுதப் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

மூன்றாம் நாள் றஸீனா ராத்தா ஆள் அனுப்பினா. போனேன், ஆயுதப் பை அங்கேதானே கிடந்தது. மர்சூக் முற்றத்தில் நின்றான்.

“ஓடாவி, சின்ன வேல ஒண்டு. குசினிக்குப் பொறகால அந்த சாமான் அறைய மூத்தவங்களுக்குக் குடுத்திரிக்கம். நான் அந்நிய ஆம்பிள, அவங்க கலியாணம் முடிக்காதவங்க. ஒரே ஊட்டுக்குள்ள முகத்துக்கு முகம் முழிக்கிறது மார்க்கத்துல கூடாது. ஊட்டுப் பக்கம் வாற வழிய அடைச்சிருங்க. அவங்க பின் வாசலால போய் வரட்டும். உங்கட வேலையில மிஞ்சின பலக கிடக்குதானே, காசி செலவும் இல்ல.”

அவன் மார்க்கம் பேசினது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாங்கின பலகை, அவள் வாங்கின ஆணி. ராத்தாவைப் பார்த்தேன். அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா, தலையைத் தூக்கவில்லை. போடா நீயும் உன் அடைப்பும் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அன்றைக்காவது போயிருக்க வேண்டும். நான் பலகையை அளந்தேன்.

வழி மூன்றடி அகலம், ஆளுயரம். குறுக்குச் சட்டம் அடித்துவிட்டு முதல் பலகையைக் கீழே வைத்தேன். மறு தலைப்பு நழுவி நழுவி விழுந்தது. இரண்டு தரம் விழுந்த பிறகு அறைக்குள்ளிருந்து சஹ்லா எழும்பி வந்தாள். தலையில் முந்தானை, கண் இரண்டும் வீங்கிப் போயிருந்தது. உள்பக்கம் குந்தி, பலகையின் மறு தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நீ விடு மகள்” என்றேன்.

“நேரா வராது மாமா. நான் புடிக்கிறன், நீங்க அடிங்க.”

அடித்தேன். இரண்டாவது வைத்தேன், அதையும் பிடித்தாள். இடுப்பு உயரத்துக்கு வந்தபோது எழும்பி நின்று பிடித்தாள். கழுத்து உயரத்துக்கு ஏறினபோது எனக்கு அவள் முகம் மட்டும் தெரிந்தது.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டாள்.

“ஆத்துப் பக்கம் சுரண்டி முடிஞ்ச மறுகாதான் மகள். பச்சப் பலகைய மாரிக்கு விட ஏலாதே. உக்கிப் போகும் எல்லுவா. உன்ட பலகதானே எண்டுதான்...”

வாய் கூசாமல் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அவங்க வந்தது வியாழக்கிழம” என்றாள். “ஆத்துப் பக்கம் நீங்க சுரண்டினது வெள்ளி. போனில தேதியும் நேரமும் கிடக்கு. பன்னெண்டே முக்காலுக்கு ஒரு படம் அனுப்பிரிக்கீங்க. ஜும்ஆக்குக்கூடப் போகல்ல நீங்க. எனக்காகத்தான் எண்டு நான் அண்டைக்கு உங்களுக்காக அல்லாஹ்ட்டத் துஆ கேட்டன்.”

 சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அவளுடைய காலில் விழுந்திருக்க வேண்டும். குறைந்தது வெட்கத்தில் என் கையாவது நடுங்கியிருக்க வேண்டும். நான் அடுத்த பலகையை எடுத்தேன். அதுதான் கடைசி, அதை வைத்தால் வழி முழுதும் அடைந்துவிடும். அவள் திட்டட்டும், சாபம் போடட்டும், எச்சில் துப்பட்டும், வாங்கிக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தேன். அவள் பலகையின் தலைப்பைப் பிடித்து, விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தாள். அவள் பக்கம் வாள் அறுத்த சொரசொரப்பு அப்படியே இருந்தது.

“இழைச்ச பக்கம் அவங்களுக்கா மாமா?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றேன்.

“சரி” என்றாள். “நான் புடிச்சிட்டன். அடிங்க.”

அடித்தேன். ஆணி நேராகத்தான் இறங்கியது.